வட்டத்தில் போட்ட கையெழுத்து

எதற்கும் ஒரு வரிசை எண் போட்டுவிட்டால் அது ஒழுங்குக்கு வந்துவிடும் என்று நம்புகிற ஆள் நான். என் பிழைப்பும் அதுதான். தோஹாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாகுமெண்ட் கன்ட்ரோலர். வருகிற கடிதத்துக்கு ஒரு எண், போகிற கடிதத்துக்கு ஒரு எண், வரைபடத்துக்கு ஒரு எண், அந்த வரைபடம் தப்பு என்று சொல்லும் கடிதத்துக்கு இன்னொரு எண். வீட்டில் மளிகைச் சீட்டுகூட '1. துவரம்பருப்பு' என்றுதான் தொடங்கும். பருப்புக்கு முதலிடம் கொடுத்துவிட்டீர்களே, புளி கோபித்துக்கொள்ளாதா என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அப்போது சிரித்தேன்.

ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக ஊரையே தோண்டிப் போட்டிருந்த காலம் அது. எங்கள் ஆட்கள் முந்நூறு பேர் தொழில்பேட்டையில் ஒரு கேம்ப்பில், கம்பெனி கொடுத்த அறைகளில் இருந்தார்கள். முக்கால்வாசி தமிழ்நாட்டு ஆட்கள். ஒவ்வோர் ஆகஸ்டிலும் பதினைந்தாம் தேதியை ஒட்டிய வெள்ளிக்கிழமை காலை அங்கே சுதந்திர தின விழா நடக்கும். கொடி, லட்டு, ஒரு பேச்சு. அந்த வருஷம் பேச வேண்டியவருக்குக் காய்ச்சல். கம்பெனியில் புத்தகம் படிக்கிற ஆசாமி ஒருவன் இருக்கிறான் என்று யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது. வளைகுடாவில் படிப்பாளி என்ற பெயர் சுலபமாகக் கிடைக்கும். விமானத்தில் ஒரு புத்தகமும் கையுமாகப் பிடிபட்டால் போதும்.

நம் சுதந்திரத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். நான் வேறு தினுசு என்று காட்டிக்கொள்ளும் அற்ப ஆசையில், அமெரிக்கர்கள் இங்கிலாந்திலிருந்து எப்படிப் பிரிந்தார்கள் என்பதை எடுத்துக்கொண்டேன். மெஸ் ஹாலில் ஒரு பக்கம் கொடி, மறுபக்கம் லட்டுத் தட்டுகள். இருநூறு ஜோடிக் கண்கள் எந்தப் பக்கம் இருந்தன என்பதை மேடையிலிருந்து தெளிவாகப் பார்க்க முடிந்தது.

அந்தக் குடியேற்றக்காரர்கள் முதலில் சுதந்திரம் கேட்கவே இல்லை என்று ஆரம்பித்தேன். தங்களை அரசரின் விசுவாசமான குடிகள் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். காகிதத்துக்கு வரி வந்தது, மனு எழுதினார்கள். தேயிலைக்கு வரி வந்தது. அதற்கும் மனு எழுதினார்கள், ஒரு துறைமுகத்தில் கோபம் தாங்காமல் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள். அதற்குத் தண்டனையாகத் துறைமுகத்தையே மூடினார்கள். வரி அப்படியொன்றும் பெரிதல்ல. எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் எப்படிப் போடலாம் என்பதுதான் அவர்கள் வருத்தம். கேட்க ஆள் இல்லாத குறை, தேயிலையோடு நிற்காது, வளரும். வேடிக்கை என்னவென்றால், அரசர் நல்லவர், நடுவில் இருக்கிற மந்திரிகள்தான் கெட்டவர்கள், அரசர் காதில் விழுந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று கடைசிவரை நம்பினார்கள். துப்பாக்கிச் சண்டை தொடங்கிய பிறகும் மிகப் பணிவாக ஒரு மனு அனுப்பினார்கள். அரசர் அதை வாங்கிப் பார்க்கவே மறுத்துவிட்டார். அடுத்த வருஷம், இனி நாங்கள் உங்கள் ஆட்கள் இல்லை என்று எழுதினார்கள். யுத்தம் பல வருஷம் நடந்தது.

பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நம்ம அர்பாப்பும் நல்லவருதான் சார். நடுவுல இருக்கறவங்கதான்."

ஹால் சிரித்தது. அர்பாப் என்றால் முதலாளி. கம்பெனியின் கத்தாரி முதலாளியை எங்களில் யாரும் பத்தடி தூரத்தில்கூடப் பார்த்ததில்லை. அதனால் அவர் நல்லவராக இருப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. கேம்ப்பை மேற்பார்க்கும் கேம்ப் பாஸ் இருமினார். எனக்கோ கூட்டத்தைச் சிரிக்கவைத்த மிதப்பு, சிரிக்கவைத்தது நான் இல்லை என்றாலும். அந்த மிதப்பில் திட்டத்தில் இல்லாத ஒன்றைச் சொன்னேன். அந்தக் காலத்து மாலுமிகள் கப்பல் தலைவன் மேல் புகார் எழுதினால், கீழே ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட மாட்டார்களாம். வட்டமாகச் சுற்றிப் போடுவார்களாம். வட்டத்துக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. யார் முதலில் போட்டான் என்று தலைவனுக்குத் தெரியாது. தெரிந்தால் அவனைத் தூக்கில் போட்டுவிடுவான்.

இப்போது யாரும் லட்டைப் பார்க்கவில்லை. நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து இரண்டு பேர் சைட் ஆபீசில் என் அறைக்கு வந்தார்கள். இருவரும் அரியலூர்ப் பக்கம், பக்கத்துப் பக்கத்து ஊர். ஒருவர் கம்பி கட்டுகிறவர். மெஸ் ஹாலில் குரல் கொடுத்தவர் அவர்தான். மற்றவர் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பென்டர். ஒரே விமானத்தில் வந்து, ஒரே அறையில், ஒரே இரும்புக் கட்டிலின் மேலும் கீழும் ஏழு வருஷமாகப் படுத்துக்கொண்டிருந்தார்கள். கம்பிக்காரர் மேல்கட்டில், கார்பென்டர் கீழ்க்கட்டில். கேம்ப்பில் அவர்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். கீழ்க்கட்டிலின் மகளை மேல்கட்டிலின் மகனுக்குப் பேசி முடித்து, ஊரில் பூவும் வைத்தாயிற்று. தை மாதம் கல்யாணம். ஒருவரை ஒருவர் அதுவரை மச்சான் என்று கூப்பிட்டவர்கள், பூ வைத்த பிறகு கேலியாகச் சம்பந்தி என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

குறை சோறு. கேம்ப் மெஸ்ஸில் விடிகாலை மூன்று மணிக்கு வடித்து, நான்கு மணிக்கு டப்பாவில் அடைத்து, நான்கரை மணிக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அது சைட்டில் ஒரு தகரக் கொட்டகையில் கிடக்கும். பன்னிரண்டு மணிக்கு மூடியைத் திறந்தால் சாம்பார் நுரைத்திருக்கும்.

"ஊசிப்போன சோத்தத் தின்னுட்டு மத்தியானம் கம்பி மேல நிக்க முடியல சார். நேத்து ஒருத்தன் வாந்தி எடுத்துட்டு நாலாவது மாடியில உக்காந்துட்டான்" என்றார் மேல்கட்டில்.

அவர்கள் கேட்டது இவ்வளவுதான்: பதினோரு மணிக்குச் சமைத்து, ஒரு வண்டியில் சைட்டுக்குக் கொண்டுவர வேண்டும். ஃபோர்மேனிடம் சொல்லியாயிற்று, கேம்ப் பாஸிடம் சொல்லியாயிற்று, மேனேஜரிடமும் சொல்லியாயிற்று. காலனி ஆட்சியைப் பற்றி எழுத வசதியாக மேனேஜர் வெள்ளைக்காரராக இருந்திருக்கலாம். அவர் நம் நாட்டவர்தான்; கல்லூரியில் என்னைவிட இரண்டு வருஷம் மூத்தவராக இருந்திருக்கக்கூடிய வயது. இங்கே வந்தது சம்பாதிக்கவா, விருந்து சாப்பிடவா என்று கேட்டாராம். ஆகவே நேரடியாக அர்பாப்புக்கு ஒரு மனு. அதை இங்கிலீஷில் எழுதித் தர வேண்டும்.

மேல்கட்டில் சட்டைக்குள்ளிருந்து ஒரு பெரிய தாளை எடுத்து விரித்தார். காலண்டரின் பின்பக்கம். நடுவில் ஒரு தட்டைக் கவிழ்த்துக் கோடு இழுத்திருந்தார்கள். அதைச் சுற்றிச் சூரியகாந்தி இதழ்போல நாற்பத்து மூன்று கையெழுத்துகள். சில கைநாட்டு. மஞ்சள் கறை ஒன்று. தட்டைக் கழுவாமல் கவிழ்த்திருக்கிறார்கள்.

"நீங்க சொன்ன மாதிரியே போட்டிருக்கோம் சார்."

என் பேச்சு ஒன்றை யாராவது கேட்டு அதன்படி ஏதாவது செய்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. வட்டத்தின் உச்சியில் மேல்கட்டிலின் கையெழுத்து இருந்தது. அதற்கு இடப்பக்கத்தில் ஒட்டினாற்போலக் கீழ்க்கட்டிலின் கையெழுத்து. இவன் கடைசிவரைக்கும் யோசித்துக்கொண்டே நின்றான், நாற்பத்திரண்டு பேர் போடும்வரை கூடவே நின்று வேடிக்கை பார்த்தான், நான்தான் பக்கத்தில் இடம் விட்டு வைத்திருந்தேன் என்று மேல்கட்டில் கேலி செய்தார்.

"பொண்ணப் பெத்தவன் யோசிக்காம கையெழுத்துப் போடுவானா?" என்றார் கீழ்க்கட்டில்.

நான் இங்கிலீஷில் நல்ல மனு ஒன்று எழுதினேன். பணிவு சொட்டியது. அரசருக்கு எழுதிய குடியேற்றக்காரர்களே பொறாமைப்பட்டிருப்பார்கள். சோற்றைப் பற்றிய விஷயம் மூன்று வரி. தங்கள் மேலான கருணை, தங்கள் தாழ்மையான ஊழியர்கள், இந்த நாட்டின் விருந்தோம்பல் எல்லாம் இருபது வரி. பிறகு அந்தக் காலண்டர் தாளைப் பார்த்தேன். மஞ்சள் கறை. கோணல்மாணலான எழுத்து. இதை எப்படி அர்பாப் ஆபீசுக்கு அனுப்புவது? பார்க்கிறவர் தாளைச் சுற்றிச் சுற்றிப் படிக்க வேண்டும். தலை சுற்றும். ஒரு தொழில்காரனாக எனக்குக் கூச்சமாக இருந்தது.

எனவே பெயர்களைத் தட்டச்சு செய்தேன். உச்சியில் தொடங்கி, கடிகாரம் சுற்றுகிற பக்கமாக. ஒன்று, இரண்டு, மூன்று. கம்பெனிப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பணியாளர் எண்ணையும் சேர்த்தேன். அது யாரும் கேட்காத கூடுதல் சேவை. மேல்கட்டில் ஒன்று. கீழ்க்கட்டில் நாற்பத்து மூன்று. கடைசியில் 'அசல் கையெழுத்துத் தாள் எம்மிடம் உள்ளது' என்று ஒரு குறிப்பு. வட்டத்தாளை மடித்து என் கோப்பில் வைத்துக்கொண்டேன். இத்தனையும் செய்யும்போது என் மனத்தில் சந்தேகத்தின் நிழல்கூட விழவில்லை. மேடையில் நின்று மாலுமிகளைத் தூக்கில் போட்டுக் காட்டியவன் நான். ஆனால் அது வெள்ளிக்கிழமை. இது வேலை நாள்.

அர்பாப் அந்த மனுவைப் படித்தாரா என்று கேட்டால், உறையைப் பிரித்ததற்கே சாட்சி இல்லை. இரண்டு வாரத்தில் அது மேனேஜரின் மேஜைக்குத் திரும்பி வந்தது, 'நடவடிக்கைக்கு' என்ற ஒற்றைச் சொல்லோடு. பத்து நாள் கழித்துக் கேம்ப் நோட்டீஸ் போர்டில் பதில் ஒட்டினார்கள். தொழிலாளர்கள் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களை நிழலில் வைத்துக்கொள்ள அறிவுறுத்தப்படுகிறார்கள்.

அந்த நோட்டீசுக்கும் எண் கொடுத்தது நான்தான்.

மறுநாள் காலை நான்கரை மணிக்கு ஏழு பஸ்களும் கேம்ப் வாசலில் உறுமிக்கொண்டு நின்றன. ஒருவரும் ஏறவில்லை. யாரும் கோஷம் போடவில்லை, கல் எறியவில்லை, மேஸ்திரிகள் யல்லா யல்லா, கிளம்பு கிளம்பு என்று கத்தியதற்குப் பதில்கூடச் சொல்லவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். முந்நூறு பேரும் அறைகளுக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பத்து மூன்று எப்படி முந்நூறு ஆனது என்று மேனேஜருக்குப் புரியவே இல்லை. நான் மேடையில் அதைத்தான் விளக்கியிருந்தேன். அப்போது எனக்கும் புரிந்திருக்கவில்லை. அந்த முந்நூறு பேரில் ஐம்பது அறுபது பேருக்குச் சோறு ஊசிப்போகவே இல்லை. அவர்களுக்குக் கேம்ப் பட்டறையிலேயே வேலை. அவர்கள் உட்கார்ந்தது நிழல் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக.

பத்து மணிக்கு இரண்டு போலீஸ் ஜீப்புகள் வாசலில் வந்து நின்றன. யாரும் இறங்கவில்லை. சும்மா நின்றன. அது போதுமானதாக இருந்தது. அடுத்த நாள் எல்லோரும் பஸ் ஏறினார்கள்.

என் மேஜைக்கு ஒரு குறிப்பு வந்தது. 'இணைப்பில் உள்ள பட்டியலின் முதல் பக்கத்தில் காணும் நபர்களின் விசாவை ரத்து செய்து நாட்டுக்கு அனுப்பவும்.' இணைப்பு என் பட்டியல். முதல் பக்கத்தில் மனு போக மீதி இடத்தில் பன்னிரண்டு பெயர்கள் இருந்தன. மேனேஜர் புரட்டிப் பார்க்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நான் இன்னும் இரண்டு வரி பணிவு சேர்த்திருந்தால் இரண்டு பேர் இரண்டாம் பக்கத்துக்குப் போய்த் தப்பித்திருப்பார்கள். கருணை என்ற சொல்லை ஒருமுறை கூடுதலாகப் போட்டிருக்கலாம். அன்று மதியம் மேனேஜர் காரிடாரில் என்னைப் பார்த்து, பட்டியல் நன்றாகத் தெளிவாக இருந்தது என்றார்.

பாஸ்போர்ட்டுகள் கம்பெனிப் பெட்டகத்தில் இருந்தன. எடுத்துக் கொடுத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதும் என் வேலைதான். பன்னிரண்டு பேர் வரிசையாக வந்தார்கள். முதலில் மேல்கட்டில். நல்ல சட்டை போட்டிருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவைக் கீழே வைக்காமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கணும் சார். வட்டமாத்தானே போட்டோம். எப்படி எங்க பன்னண்டு பேர மட்டும் கரெக்டா எடுத்தாங்க?"

தெரியவில்லை என்றேன்.

"எனக்குத் தெரியும் சார். என் வலது பக்கத்துலேருந்து வரிசையா பதினோரு பேரு போறாங்க. இடது பக்கத்துல இருக்கறவன் மட்டும் போகல." குரல் உயரவில்லை. "யாரு மொதல்ல போட்டான், யாரு அப்புறம் போட்டான்னு கடைசிவரைக்கும் கூடவே நின்னு பாத்தவன் அவன் ஒருத்தன்தான்."

நான் பதிவேட்டை மூடினேன். திறந்தேன். அடுத்த ஆள் கையெழுத்துப் போட இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். நிறைய இடம் இருந்தது. என் கோப்பு அலமாரி அவர் முதுகுக்குப் பின்னால் நான்கடி தூரத்தில் இருந்தது. அதில் வட்டத்தாள் இருந்தது. பட்டியலின் நகல் என் மேஜைமேலேயே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும்.

"அப்படியெல்லாம் நெனைக்காதீங்க" என்றேன்.

"நீங்க நல்லவரு சார், உங்களுக்கு இதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் புளியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவர்கள் போன இரண்டாவது வாரம் பதினோரு மணிக்குச் சைட்டுக்குள் ஒரு வெள்ளை வேன் வந்தது. சூடான சோறு, தனியாக மோர்கூட. ஏன் வந்தது, யார் உத்தரவு, யாருக்கும் தெரியாது. அதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

அமெரிக்கர்கள் கடைசியில் எழுதிய அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர்கள் தங்கள் பெயரை மறைக்கவில்லை. ஒருவர் வேண்டுமென்றே கொட்டை எழுத்தில் போட்டாராம். அதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்திருக்கிறது. இப்போது அதே பக்கங்களைப் புரட்டினால் வேறு விஷயம்தான் கண்ணில் படுகிறது. அவர்களுக்குச் சொந்த நிலம் இருந்தது, துப்பாக்கி இருந்தது, இங்கிலாந்துக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பெருங்கடல் இருந்தது. எங்கள் ஆட்களுக்கும் மேனேஜருக்கும் நடுவில் நான் இருந்தேன்.

கீழ்க்கட்டில் ஒரு வெள்ளிக்கிழமை காலை என் வீட்டுக்கு வந்தார். முதல் தடவை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அறையில் யாரும் தன்னோடு பேசுவதில்லை என்றார். மேல்கட்டில் காலியாகவே கிடக்கிறது. புதிதாக வந்த ஆளைக்கூட அங்கே படுக்க விடாமல் வேறு அறைக்குக் கூட்டிப்போய்விட்டார்கள், காட்டிக்கொடுத்தவன் தலைக்கு மேலே படுக்காதே என்று. ஊருக்குப் போன் போட்டால் மச்சான் எடுப்பதில்லை. கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது.

"நீங்க ஒரு லெட்டர் எழுதுங்க சார். நீங்க எழுதினா நம்புவான். படிச்சவரு சொன்னா கேப்பான்."

அடுத்த வாரம் எழுதுகிறேன் என்றேன். அடுத்த வாரம் ஆபீசில் ஆடிட் என்றேன். அதற்கடுத்த வாரம் மகளுக்குப் பரீட்சை என்றேன். எனக்கு மகள் இருப்பது உண்மை, பரீட்சை உண்மையில்லை. நான்காவது வெள்ளிக்கிழமை அவரை உட்காரவைத்துக்கொண்டே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். நிர்வாகக் காரணங்களால் இப்படி நேர்ந்துவிட்டது, யாரும் யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை, நட்பு பெரிது. அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார்.

"இதுல யாரு பண்ணுனாங்கன்னே இல்லையே சார்."

உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போய்க் கைப்பையிலிருந்து வட்டத்தாளையும் பட்டியலையும் எடுத்து வந்தேன். நான்கு வாரமாக அவற்றை ஆபீசுக்கும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைந்துகொண்டிருந்தேன். டீப்பாய்மேல் விரித்தேன். வட்டத்தில் இரண்டு பெயரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டிருந்தன. பட்டியலில் ஒருவர் இந்த முனை, மற்றவர் அந்த முனை. நான்தான் நம்பர் போட்டேன் என்றேன். முதல் பக்கத்தில் இருந்தவர்களை மட்டும் எடுத்தார்கள், நீங்கள் கடைசிப் பக்கம், அவ்வளவுதான் விஷயம் என்றேன்.

அவர் நெடுநேரம் பட்டியலையே பார்த்தார். விரலால் ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை தடவினார். பிறகு தாளைப் புரட்டித் தன் பெயரைத் தேடி, அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எதுக்கு சார் நம்பர் போட்டீங்க?"

பழக்கம் என்றேன். அதைவிட நல்ல பதில் இன்றுவரை கிடைக்கவில்லை.

"சரி. அத எழுதுங்க" என்றார்.

எழுதினேன். நான்கு வரி. பட்டியல் போட்டது நான், உன் மச்சானுக்கு எதுவும் தெரியாது, அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கூடவே வட்டத்தாளையும் பட்டியலையும் வைத்து உறையை ஒட்டினேன். கீழ்க்கட்டில் டீயைக் குடிக்காமல் போனார். டீ ஆடை கட்டிக் கிடந்தது. மனைவி அதைச் சிங்க்கில் ஊற்றினாள்.

அதன்பிறகு சைட்டில் அவரைப் பார்த்தால் தலையை அசைப்பார். நின்று பேசியதில்லை. வேன் சோற்றை எல்லோரும் கும்பலாக உட்கார்ந்து சாப்பிடும்போது அவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்திருப்பார். என் கடிதத்தில் உள்ளதைக் கேம்ப்பில் சொல்லிவிட்டால் தீர்ந்தது. அவர் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள் என்றிருக்கலாம். என் வேலை போய்விடும் என்று பார்த்தாரோ என்றும் தோன்றியிருக்கிறது. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் வேறு எதையாவது நினைக்க முயல்வேன். நானே போய் அந்த மெஸ் ஹாலில் சொல்லியிருக்கலாம். எனக்கு மேடை புதிதல்ல. அடுத்த ஆகஸ்டில் பேசக் கூப்பிட்டபோது தொண்டை சரியில்லை என்றேன்.

அடுத்த வருஷம் லீவுக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய கீழ்க்கட்டில், நேராக என் அறைக்கு வந்தார். கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம், எனக்குத்தான். அதுவே எனக்கு ஆச்சரியம். மச்சான் பையன் கல்யாணம் அதே தையில் வேறு இடத்தில் முடிந்துவிட்டது என்றார். கடிதம் போய்ச் சேர்ந்தபோது பத்திரிகை அடித்தாயிற்றாம்.

நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆடிட்டும் பரீட்சையும் நடுவில் வராமல் இருந்திருந்தால் கடிதம் பத்திரிகைக்கு முன்னால் போயிருக்கும்.

மச்சானைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"வீட்டுக்கே வந்தான் சார். சாப்பிட்டான். பொண்ணுக்கு வேற எடத்துல பாத்துக்கிட்டிருக்கோம்னு சொன்னேன், தலையக் குனிஞ்சுக்கிட்டான். இப்ப அங்க ஒரு மேஸ்திரிகிட்டத்தான் கம்பி கட்டறான். மத்தியானம் வீட்டுக்கு வந்து சுடச்சுடச் சாப்பிட்டுட்டுப் போறானாம். அதச் சொல்லிச் சிரிச்சான்."

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா என்ற கேள்வி வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன். அவரே சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள்கள் இரண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். என் பட்டியல், இரண்டு பக்கமும்.

"வட்டத்த அவனே வச்சுக்கிறானாம். நாங்க பக்கத்துல பக்கத்துல போட்டது இருக்கில்ல. இது உங்களுக்குத்தான் வேணும்னு சொல்லிக் குடுத்துவிட்டான்."

அவர் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். மேல்கட்டில் அதில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. மடிப்பில் எழுத்து தேய்ந்து, ஆறாம் எண்ணும் ஏழாம் எண்ணும் சரியாகத் தெரியவில்லை. கை தன்பாட்டுக்கு ரப்பர் ஸ்டாம்பை எடுத்து 'பெறப்பட்டது' என்று குத்தப் போனது. ஸ்டாம்பைக் கீழே வைத்தேன். பனங்கற்கண்டில் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வெளியே சோற்று வேன் வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.